இறுகிய பனிக்கு ஏற்ற சறுக்குக்கட்டை

ஊவா மலைநாட்டிற் பிறந்தார்க்குக் குளிர் புதிதன்று. மார்கழி, தை மாதங்களில் வெலிமடையின் மரக்கறித் தோட்டங்களுக்கு விடியுமுன் செல்வோர் கைவிரல் விறைக்கக் கண்டவரே. நுவரெலியாவிலும் அம்பேவலையிலும் சில காலைகளிற் புல்நுனி வெள்ளையாய்ப் பூத்து நிற்பதைப் பார்த்தவரும் நம்முட் பலர். எனினும், வானத்தினின்று பஞ்சுபோற் பனி விழுவதும், அது மலைமுழுதும் மூடி மாதக்கணக்கிற் கிடப்பதும், மாந்தர் இரண்டு நீண்ட கட்டைகளைக் காலிற் பூட்டிக்கொண்டு அதன்மேற் சறுக்கி இறங்குவதும் நம் நாட்டுக்கு உரியன அல்ல. அவ்வாறிருக்க, இப்பொருள் நமது கல்லூரியின் விழா மலரிற் புகுந்தது எங்ஙனம் என வினவுவார்க்கு விடை எளிது. நம் பழைய மாணவர் பலர் இன்று பனி விழும் நாடுகளிற் குடியிருக்கின்றனர். 1983க்குப் பின்னர்ச் சுவிற்சர்லாந்து, நோர்வே, கனடா முதலிய நாடுகளுக்குச் சென்ற தமிழரின் பிள்ளைகளும், இப்போது அப்பிள்ளைகளின் பிள்ளைகளும், பனிமலையை நம் சிறுவர் தேயிலைமலையைப் பார்ப்பதுபோற் பார்த்து வளர்கின்றனர்.

சுவிற்சர்லாந்திற் பள்ளிக்கூடங்கள் பல குளிர்காலத்தில் ஒரு வாரம் மாணவரை மலைக்கு அழைத்துச் சென்று பனிச்சறுக்குப் பழக்குவது நெடுநாள் வழக்கம். தந்தையோ உணவுச்சாலைச் சமையலறையிற் பல ஆண்டு உழைத்தும் பனியைச் சன்னல்வழியே மட்டும் பார்த்தவர். மகளோ இரண்டு பருவம் பழகி, இனி வாடகைக் கட்டை வேண்டா, சொந்தக் கட்டை வேண்டும் என்கிறாள். கடைக்காரர் சொல்லும் ஆரை, இடை, விறைப்பு என்பன தந்தைக்கு விளங்குவதில்லை. விலையோ சிறிதன்று. பிழையாகத் தெரிந்தாற் பணம் போவதோடு நில்லாது, முழங்காலும் போகலாம். இதனைத் தமிழில் விளக்குவார் இல்லையா என்று நம் பழைய மாணவர் சிலர் எழுதிக் கேட்டனர். கணக்குப் பகுதியை நம் பௌதிக ஆசிரியர் சரிபார்த்துத் தந்தார்; மொழிப்பகுதி நம்முடையது.

முதலிற் சொற்களை வரையறுத்துக் கொள்வோம். ஸ்கீ என்பது பழைய நோர்வே மொழியிற் பிளந்த மரத்துண்டைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆகவே கட்டை என்னும் நம் சொல் அதற்கு இயல்பாகவே பொருந்துகின்றது. இக்கட்டுரையிற் சறுக்குக்கட்டை என்போம். சுருக்கமாகக் கட்டை என்போம். அதன் முன்பகுதி மூக்கு, நடுப்பகுதி இடை, பின்பகுதி வால். கீழ்ப்புறத்தின் இரு ஓரங்களிலும் ஓடும் உருக்குக் கம்பி விளிம்பு. மலையிலிருந்து விரைந்து இறங்குவதற்கான கட்டையைப் பற்றியே ஈண்டுப் பேசுகின்றோம். நோர்வேயில் தம் மக்கள் காலிற் கட்டையுடன் பிறப்பர் என்று சொல்லிக்கொள்வர்; அவர்கள் பெரிதும் பயன்படுத்துவது சமநிலத்திலும் காட்டுவழியிலும் நடந்து செல்லும் மெல்லிய கட்டை. ஒஸ்லோவில் உள்ள பெற்றோர் பள்ளியிலிருந்து வரும் குறிப்பில் எந்த வகை கேட்கப்பட்டுள்ளது என்பதை முதலிற் பார்த்துக்கொள்க.

பனியிலும் பல சாதி உண்டு. அப்போது விழுந்த பனி இலவம்பஞ்சு போன்றது. ஒரு கனமீற்றர் அளவு அள்ளினால் ஏறக்குறைய 100 கிலோகிராமே நிறுக்கும், பலபோது அதனினும் குறைவு. இயந்திர வண்டிகள் மேலோடி அழுத்திச் சமப்படுத்திய தடத்திலோ அதே அளவு 400 முதல் 550 கிலோகிராம் வரை நிறுக்கும். பகலில் வெயிலாற் கசிந்து இரவில் மீண்டும் உறைந்தால் மேற்பரப்பு கண்ணாடிபோல் ஆகும். முழுப் பனிக்கட்டி 917 கிலோகிராம் என்பதை நினைவிற் கொண்டால், காலையிற் சறுக்குவோன் எதன்மேல் நிற்கின்றான் என்பது புலப்படும். இக்காலத்தில் மழையும் வெயிலும் முறைமாறிப் பனி குன்றுவதால், பல மலைகளிற் குழாய்வழியே நீரைச் சிதறடித்துச் செயற்கைப் பனி செய்கின்றனர். அதன் மணிகள் உருண்டையானவை. நெருங்கிப் படிந்து விரைவில் இறுகும். அல்ப்ஸ் மலையின் தாழ்வான தடங்களிலும், வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலும், ரொறன்ரோவில் வாழும் நம்மவர் சென்றுவரும் ஒன்ராறியோ மாகாணக் குன்றுகளிலும் இறுகிய பனியே பெரும்பான்மை. இந்தியாவிற் காசுமீரத்துக் குல்மார்க்கின் நிலை வேறு. 2650 மீற்றர் உயரத்தில் உள்ள அவ்வூருக்கு மேலேயுள்ள சரிவுகள் ஆழ்ந்த மென்பனிக்குப் பெயர்பெற்றவை. அவ்வூரிற் பிறந்த ஆரிப் கான் 2022ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கிற் பெருவளைவுப் போட்டியில் 45ஆவதாக வந்தார். அத்தகைய போட்டித் தடமோ நீர் பாய்ச்சி வேண்டுமென்றே இறுகச் செய்யப்படுவது. மென்பனிக்கும் இறுகிய பனிக்கும் ஒரே கட்டை சிறந்ததாக இருத்தல் அரிது என்பதை இப்போதே மனத்திற் பதித்துக்கொள்க. பின்வரும் எல்லாம் அதன்மேல் நிற்பன.

இனிச் செதுக்குதல் என்பது யாது? நம் தோட்டத்துச் சிறுவர் பாளைமட்டையில் அமர்ந்து புற்சரிவிற் சறுக்குவர். மட்டைக்கு விளிம்பு இல்லை. ஆகையால் அது தான் விரும்பிய இடத்துக்கே போகும், சிறுவன் விரும்பிய இடத்துக்குப் போகாது. மழை நனைத்த செங்குத்துச் சரிவிற் கொழுந்துக் கூடையுடன் இறங்கும் பெண்களைப் பாருங்கள். பாதத்தைச் சரிவுக்குக் குறுக்காக வைத்து, மேட்டுப்புற ஓரத்தை மண்ணில் அழுத்தி ஊன்றுவர். ஓரம் ஊன்றியது, உடல் நின்றது. சறுக்குக்கட்டையின் விளிம்பும் அதுவே செய்கின்றது. புதிதாகப் பழகுவோன் கட்டையைப் பக்கவாட்டில் தேய்த்துத் தேய்த்துத் திரும்புவான். பனி வழிபட்டுப் பறக்கும், வேகம் குறையும். இது வழுக்குத் திருப்பம். கட்டையைச் சாய்த்து, விளிம்பு வெட்டிய பள்ளத்திலேயே முழுக்கட்டையும் பின்தொடர்ந்து ஓடுமாறு செய்வது செதுக்குத் திருப்பம். மரத்தில் உளி ஓடியதுபோற் பனியில் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் தெரியும். இடைநிலைச் சறுக்குநன் என்று நாம் சொல்வது இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பவனை. நீலக்குறித் தடத்தில் அச்சமின்றி இரு கட்டைகளையும் இணையாக வைத்து இறங்குவான். சிவப்புக்குறித் தடத்திற் சரிவு மிகுந்த இடத்தில், அதுவும் காலைப்பனியில், கட்டை நழுவிக் கால் தடுமாறும். நம் மலையகப் புகையிரதப் பாதையின் மிகக் கடும் ஏற்றம் 44க்கு 1 ஆகும். ஐரோப்பாவில் நீலக்குறித் தடத்தின் சரிவு 4க்கு 1 வரை செல்லலாம். சிவப்புக்குறியோ 5க்கு 2 வரை. தடத்தின் நிறத்தைப் பெயரளவாகக் கொள்ளலாகாது என்பதற்கு இக்கணக்கே சான்று.

கட்டைக்கு இடை சிறுக்கச் செய்யும் வழக்கம் நோர்வேயின் தெலமார்க் பகுதியைச் சேர்ந்த சோந்திரே நோர்கைம் (1825 - 1897) என்னும் ஏழைக் குடியானவரோடு இணைத்துப் பேசப்படுகின்றது. குதிகாலையும் பிணைத்து, இடை சிறுத்த கட்டையில் அவர் திரும்பிய திருப்பங்கள் 1868இல் இன்றைய ஒஸ்லோ நகரில் நடந்த போட்டியிற் கண்டோரை வியக்கவைத்தன. புகழ் வந்தும் வறுமை தீராமல் 1884இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, மலையே இல்லாத வட டக்கோட்டாச் சமவெளியில் அவர் இறந்தார் என்பது நம்மைப் போன்ற குடிபெயர்ந்த இனத்தார்க்கு எளிதில் மறக்கக்கூடிய செய்தி அன்று. மரவிளிம்பு இறுகிய பனியில் விரைவில் மழுங்கும்; 1926இல் ஒஸ்திரியரான ருடொல்ப் லெற்னர் உருக்கு விளிம்புக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் பல பத்தாண்டுகள் கட்டைகள் நீண்டும் பெரும்பாலும் நேராகவுமே இருந்தன. சுலோவேனியாவின் ஏலான் தொழிற்சாலையார் 1993ஆம் ஆண்டளவில் இடையை நன்கு சிறுக்கச்செய்து, மூக்கும் வாலும் அகன்ற கட்டையை வெளியிட்ட பின்னரே, செதுக்குத் திருப்பம் போட்டிவீரர் கையிலிருந்து பொதுமக்கள் காலுக்கு வந்தது. இன்று கடையிற் செதுக்குக்கட்டை என்று விற்கப்படுவது இதன் வழிவந்ததே.

இடை சிறுத்தால் ஏன் திரும்புகின்றது? கட்டையைத் தரையில் வைத்து மேலிருந்து பார்த்தால் அதன் பக்கம் ஒரு பெரிய வட்டத்தின் சிறு வில்லாகத் தோன்றும். அவ்வட்டத்தின் ஆரையே கடையில் மீற்றர்க் கணக்கிற் சொல்லப்படும் எண். கட்டையின் மேலேயே அச்சிட்டிருப்பர். பதுளைப் புகையிரதத்தில் தெமோதரை வளைவைச் சுற்றியவர்க்கு வளைவின் ஆரை என்பது உடலாலேயே தெரியும். அம்மலைப்பாதையின் மிகக் குறுகிய வளைவுகள் 5 சங்கிலி ஆரை, அதாவது ஏறக்குறைய 100 மீற்றர். பழைய நேர்க்கட்டையின் ஆரை 40 மீற்றர் அளவினது. இக்காலச் செதுக்குக்கட்டையினது 11 முதல் 18 மீற்றர். பனியைத் தொடும் நீளம் ஒன்றரை மீற்றராகவும் ஆரை 14 மீற்றராகவும் கொண்டு கணித்தால், இடைப்பகுதி பக்கத்துக்கு 20 மில்லிமீற்றரே உள்வாங்கியிருக்கும். ஒரு விரற்கடை அளவே! அவ்வளவு சிறு வளைவு மனிதனை மலைமேல் திருப்பிவிடுகின்றது.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. கட்டையைச் சாய்த்து நின்றால் மூக்கும் வாலும் பனியைத் தொட, சிறுத்த இடை உடலின் பாரத்தால் வளைந்து பனியைத் தொடும்வரை இறங்கும். அப்போது ஆரை மேலும் குறுகும். சாய்வுக் கோணத்தின் கோசைனால் ஆரையைப் பெருக்க வருவது ஏறத்தாழ உண்மையான திருப்ப ஆரை. 14 மீற்றர்க் கட்டை 30 பாகை சாய்ந்தால் 12 மீற்றர் வளைவிலும், 45 பாகையில் 10 மீற்றர் வளைவிலும், 60 பாகையில் 7 மீற்றர் வளைவிலும் திரும்பும். உயர்தர வகுப்பு மாணவர் இதனைத் தாமே வரைந்து நிறுவலாம். இடைநிலையார் பெரும்பாலும் 30 பாகையை ஒட்டியே சாய்ப்பவர். அவர்க்கு 20 மீற்றருக்கு மேற்பட்ட ஆரையுள்ள போட்டிக்கட்டையைக் கொடுத்தால், அது திரும்புமுன் தடத்தின் அகலம் முடிந்துவிடும். வேகமோ ஏறிக்கொண்டே போகும். பதினொரு மீற்றர் குறுவளைவுக் கட்டையோ சிறிது சாய்த்த உடனே வெட்டென்று திரும்பி, நேரே போக விரும்புவோனையும் அலைக்கழிக்கும். வளர்ந்தவர்க்கு 13 முதல் 16 மீற்றர் வரை உள்ளதே நடுநிலைக்கு ஏற்றது என்பது நம் துணிபு.

ஆரையைவிட நம் கருத்தில் முதன்மையானது இடையின் அகலம். இதனைக் கடைகளிற் பலர் பொருட்படுத்துவதில்லை. அகன்ற கட்டை எல்லாப் பனிக்கும் உதவும் என்று சொல்லி விற்பாரும் உளர். சறுக்குச் சப்பாத்தின் அடி, முன்பகுதியில் ஏறக்குறைய 69 மில்லிமீற்றர் அகலம். கட்டையின் இடையும் 70 மில்லிமீற்றர் அளவினதாயின் விளிம்பு பாதத்தின் ஓரத்துக்கு நேர்கீழே வரும். மென்பனிக்கென 100 மில்லிமீற்றர் இடையுடன் செய்த கட்டையிலோ விளிம்பு சப்பாத்தைத் தாண்டி வெளியே நிற்கும். மென்பனியிற் கட்டை முழுதும் அமிழ்வதால் இதனால் தீங்கில்லை. அகலமே மிதக்க வைக்கும். இறுகிய பனியிற் கட்டையைச் சாய்க்கும்போது தாங்குவது அந்த ஒற்றை விளிம்பு மட்டுமே. பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து விளிம்பு முன்னதில் 35 மில்லிமீற்றர், பின்னதில் 50 மில்லிமீற்றர். நெம்புகோலின் கை நீண்டால் விசையின் திருப்புதிறன் கூடும் என்பது கீழ்வகுப்பிற் படித்ததே. கட்டையைத் தட்டையாக்க முயலும் திருப்புதிறன் இங்கு நூற்றுக்கு 43 பங்கு மிகுகின்றது. அதனை ஒவ்வொரு திருப்பத்திலும் எதிர்த்து நிற்க வேண்டியவை கணுக்காலும் முழங்காலும். மாலையிற் கால் ஓயும், பிடி நழுவும், சறுக்குவோன் தன் திறமை குறைவென்று நொந்துகொள்வான். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் அகன்ற கட்டை காலம் எடுக்கும். ஆதலின் இறுகிய பனியிலேயே பெரும்பாலும் சறுக்குவார் 68 முதல் 76 மில்லிமீற்றர் இடையுள்ள கட்டையைத் தெரிக. மதியத்தின் பின் பனி இளகிக் குவியும் மலையாயின் 80 வரை செல்லலாம். அதற்கு மேல் வேண்டா.

அடுத்தது விறைப்பு. இஃது இருவகைப்படும், கடையில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவதால் வாங்குவோர் மயங்குவர். நீளவாக்கில் வளைவதை எதிர்ப்பது ஒன்று. துணி பிழிவதுபோல் முறுக்குண்பதை எதிர்ப்பது மற்றொன்று. நீளவாக்கில் மிக விறைத்த கட்டை, வேகமும் பாரமும் உள்ள வீரன் அழுத்தினாலன்றி வளையாது. வளையாக் கட்டை திரும்பாது. ஆகவே இடைநிலையார்க்கு நீள விறைப்பு நடுத்தரமாக இருத்தல் வேண்டும். உடல்நிறை மிக்கார் சற்று விறைத்ததையும், மெலிந்தார் சற்று இளகியதையும் கொள்க. முறுக்கு விறைப்போ நிறைந்திருத்தல் வேண்டும். முறுக்கு விறைப்பு இல்லாத கட்டையைச் சாய்க்கும்போது பாதத்தின் கீழுள்ள விளிம்பு மட்டும் பனியில் ஊன்றும்; மூக்கும் வாலும் முறுகித் தட்டையாகி நழுவும். மென்பனியில் இக்குறை தெரியாது. இறுகிய பனியில் முதல் திருப்பத்திலேயே தெரிந்துவிடும். புதிதாய்ப் பழகுவார்க்கென மலிவாக விற்கும் கட்டைகளில் இக்குறை உண்டு. மகள் இரண்டு பருவத்தில் அதனைத் தாண்டி வளர்ந்துவிட்டாள் என்று சொல்வது வீண்பேச்சன்று.

முறுக்கு விறைப்பைத் தருவது உள்ளிருக்கும் அமைப்பு. நடுவில் மரம், அதன் மேலும் கீழும் கண்ணாடி நார், சிலவற்றில் உலோகத் தகடு. தித்தானல் என்று விளம்பரத்திற் காணப்படும் தகடு அலுமினியக் கலப்புலோகம். பெயரைக் கேட்டுத் தைத்தேனியம் என மயங்கற்க. இத்தகடு முறுக்கை எதிர்ப்பதோடு, இறுகிய பனியில் எழும் அதிர்வையும் அடக்கும். அதிர்ந்து துள்ளும் விளிம்பு பனியைப் பிடிப்பதில்லை ஆதலின் இது சிறு நன்மை அன்று. ஆயினும் இரண்டு தடித்த தகடுகள் உள்ளது போட்டிக்கட்டையாகவே இருக்கும், கனமும் மிகும். மரநடுவும் ஒரு மெல்லிய தகடும், அல்லது தகடின்றி நன்கு அமைந்த நார்ப்படையும் இடைநிலையார்க்குப் போதும். நடுப்பகுதி தரையினின்று சற்று வில்லாக எழும்பியிருத்தல் நன்று. அவ்வில் உடற்பாரத்தை மூக்குக்கும் வாலுக்கும் பகிர்ந்து அனுப்பும். மூக்கு சற்று முன்னதாகவே மேல்வளைந்திருந்தாற் குற்றமில்லை, திருப்பம் எளிதாகும். முன்னும் பின்னும் தோணிபோல் வளைந்த கட்டை இறுகிய பனியில் விளிம்பின் பாதியை வானத்திற் பிடித்துக்கொண்டு ஓடும்.

நீளத்தைப் பற்றிச் சொல்லும்போது நம்மவரின் பழக்கம் ஒன்றைச் சொல்லாதிருக்க இயலவில்லை. வளர்கிற பிள்ளை, சப்பாத்தை ஓரளவு பெரிதாகவே வாங்கு, முன்னால் பஞ்சு வைத்துப் போடட்டும் என்பது லயத்திலும் கடைவீதியிலும் கேட்டுக்கேட்டுப் பழகிய வாக்கு. வறுமை கற்பித்த சிக்கனம் அது. அதனை நாம் இகழோம். பள்ளிக்கூடச் சப்பாத்து பெரிதானாற் குதிகால் உரசும், அவ்வளவே. சறுக்குக்கட்டை அடுத்த ஆண்டுக்குமாகப் பத்துச் சென்ரிமீற்றர் நீண்டதாக வாங்கப்பட்டால், அவ்வாண்டு முழுதும் பிள்ளை தன்னால் அடக்க முடியாத ஒன்றைக் காலிற் கட்டிக்கொண்டு கடுஞ்சரிவில் இறங்கும். சறுக்குச் சப்பாத்துப் பெரிதானால் நிலைமை இன்னும் கேடு: கால் உள்ளே அசையும், சாய்க்கும் கட்டளை கட்டைக்குச் சேருமுன் நழுவிப்போகும். நிறுத்தி வைத்தால் நாடிக்கும் மூக்குக்கும் இடையே வருவது இடைநிலைச் சிறுவர்க்கு ஏற்ற நீளம். வளர்ந்தவர்க்கும் தம் உயரத்தினின்று 5 முதல் 15 சென்ரிமீற்றர் குறைத்துக் கொள்ளலாம். 170 சென்ரிமீற்றர் உயரமுள்ளவர் 155 முதல் 165 வரை பார்க்க. கட்டை நீண்டால் வேகத்தில் நிலைபேறு கூடும், குறுகினால் திரும்புதல் எளிதாகும். சிக்கனம் வேண்டுவார்க்கு வேறு வழி உண்டு. சுவிற்சர்லாந்திற் கடைகள் பல, சிறுவர்க்குக் கட்டையும் சப்பாத்தும் குளிர்காலம் முழுமைக்கும் ஒரே வாடகைக்குத் தருகின்றன. அடுத்த பருவம் வேறு அளவு எடுத்துக்கொள்ளலாம். வளர்ச்சி நிற்கும்வரை சொந்தக் கட்டை வாங்காதிருத்தலே நம் அறிவுரை.

மேற்சொன்ன எல்லாம் பொருந்தியும் விளிம்பு மழுங்கியிருந்தாற் பயனில்லை. கவ்வாத்துக் காலத்தில் தொழிலாளர் கத்தியைக் கல்லிலே தீட்டித் தீட்டி வெட்டுவதை நாம் அறிவோம். கத்தி மழுங்கினால் வாது வெட்டுப்படாது கிழியும், செடி நோகும். சறுக்குக்கட்டையின் விளிம்பும் அங்ஙனமே. தீட்டிய பழங்கட்டை மழுங்கிய புதுக்கட்டையை இறுகிய பனியில் வென்றுவிடும். விளிம்பின் உட்கோணம் செங்கோணத்தினும் சற்றுச் சிறிதாகத் தீட்டப்படும். அடிப்புறத்தில் அரைப் பாகை முதல் ஒரு பாகை வரை மேல்நோக்கிச் சாய்ப்பர். பக்கவாட்டில் 1 முதல் 3 பாகை வரை உட்சாய்ப்பர். பக்கத்தில் 2 பாகை, அதாவது கடைவழக்கில் 88, இடைநிலையார்க்கு ஏற்றது. மூன்று பாகையிற் பிடி மிகும். ஆனால் விரைவில் மழுங்கும், பிழையாக வைத்த காலையும் மன்னிக்காது பற்றிக்கொள்ளும். அடிப்புறக் கோணத்தைக் கூட்டிவிட்டாற் கட்டையை மிகச் சாய்த்தாலன்றி விளிம்பு பனியைத் தொடாது. அதனைத் திருத்த அடித்தளம் முழுதையும் அரைக்கவேண்டி வருமாதலின், வீட்டில் அரத்தை எடுப்பார் பக்கவிளிம்போடு நின்றுகொள்க. இறுகிய பனியிற் சில நாள் சறுக்கியபின் நகத்தை விளிம்பிற் குறுக்காக உரசிப் பாருங்கள். நகத்தின் சீவல் விளிம்பில் தங்கினாற் கூர் உண்டு. வெறுமனே வழுக்கினாற் தீட்டுக.

சப்பாத்தையும் பிணைப்பையும் பற்றிச் சுருங்கச் சொல்வோம். சப்பாத்தே முதலில் வாங்கத்தக்கது, கட்டை பின்னர். பணம் ஒன்றுக்கே போதுமாயின் சப்பாத்தைச் சொந்தமாக வாங்கிக் கட்டையை வாடகைக்கு எடுக்க. பிணைப்பு என்பது விழும்போது சப்பாத்தை விடுவிக்கும் பொறி. உடல்நிறை, உயரம், வயது, சப்பாத்து அடியின் நீளம், சறுக்கும் வகை ஆகியவற்றைக் கேட்டு அதன் எண்ணைக் கடைத் தொழில்நுட்பர் அமைப்பார். அங்கே நம் இளைஞர் சிலர் நாணத்தால் தம் திறமையைக் கூட்டிச் சொல்வர். கூட்டிச் சொன்னாற் பிணைப்பு இறுகும். இறுகினால் விடுவிக்க வேண்டிய நேரத்தில் விடுவிக்காது. முறியக்கூடியது அவர் காலெலும்பு. சரியாக அமைந்த பிணைப்பும் எலும்பைக் காப்பதுபோல் முழங்காலின் உள் இணையங்களைக் காப்பதில்லை. இது மருத்துவர் பலரும் கூறும் உண்மை. அடக்கக்கூடிய நீளமும், அளவான இடையும், கூரிய விளிம்பும் விழாமற் காக்கும் அளவுக்கு எந்தப் பொறியும் காவாது. தலைக்கவசம் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

பழங்கட்டை வாங்குவோர் சிலவற்றை அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். இரு கட்டைகளின் அடிகளையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்தால் நடுவில் ஒளி தெரியவேண்டும். தெரியாவிடில் வில் செத்துப்போயிற்று. விளிம்புக் கம்பியின் தடிப்பு நுனிமுதல் நுனிவரை ஒத்திருக்கவேண்டும். தீட்டித் தீட்டி நூல்போற் போயிருந்தால் இனித் தீட்ட இடமில்லை. விளிம்பையும் அடித்தளத்தையும் சேர்க்கும் இடத்தில் வெடிப்பு இருந்தால், விலை எவ்வளவு மலிவாயினும் வைத்துவிட்டு வருக. பிணைப்புப் பழைய வகையாக இருந்தால் அதனை இக்காலத் தொழில்நுட்பர் அமைத்துத்தர மறுப்பர். சப்பாத்தின் அடிவகையும் பிணைப்பின் வகையும் ஒத்துப்போகின்றனவா என்று கேட்பதும் இன்றியமையாதது. இன்று அடிவகைகள் பலவாகிவிட்டன. பெயர்பெற்ற வீரர் பயன்படுத்திய மாதிரி என்று விற்பனைக்கு வருவதைப் பெரும்பாலும் விலக்குக. அவ்வீரர்க்கு ஏற்றது என்பதே அது நமக்கு ஏற்காது என்பதற்குக் காரணம்.

புதியதாயினும் பழையதாயினும் வாங்குமுன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்தல் நன்று. எப்போது பார்ப்பது என்பதில் ஒரு சூழ்ச்சி உண்டு. மதியம் இளகிய பனியில் எந்தக் கட்டையும் இனிதாகவே ஓடும். காலை, தடம் திறந்தவுடன், பழகிய நீலக்குறித் தடத்தில், மெதுவான வேகத்தில் ஐந்தாறு திருப்பம் செய்து நின்று பின்னே திரும்பிப் பார்க்க. இரண்டு கோடுகள் மெல்லியனவாகவும் ஒத்த வளைவினவாகவும் தெரிந்தாற் கட்டை சொன்னபடி கேட்கின்றது. கோடு தொடங்கும் இடத்தில் அகலமாகத் தேய்ந்திருந்தால் மூக்கு நழுவுகின்றது. முறுக்கு விறைப்புப் போதாது, அல்லது பாரம் பின்னே தங்கிவிட்டது. முடியும் இடத்தில் விசிறிபோல் விரிந்திருந்தால் வால் நழுவுகின்றது. விளிம்பு மழுங்கியிருக்கலாம், அல்லது திருப்பம் முடியுமுன் உடல் மலைப்பக்கம் சாய்ந்திருக்கலாம். இவ்விடத்திற் குறை கட்டையினதா காலினதா என்று அறியப் பயிற்றுநர் ஒருவரை அருகில் நிற்கச் செய்வது சிறப்பு. வேறு கட்டையை மாட்டிக்கொண்டு அதே தடத்தில் அதே வேகத்தில் மீண்டும் இறங்கினால் ஒப்பீடு தெளிவாகும்.

வாங்கிய கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னும் வேலை உண்டு. ஒவ்வொரு நாளும் சறுக்கி முடிந்ததும் விளிம்பைத் துணியால் துடைத்து உலர்த்துக. ஈரத்தோடு இரண்டு கட்டைகளையும் கட்டி வண்டிப்பெட்டியில் வைத்தால் மறுநாளே துருப்பிடிக்கும். சூடேற்றும் கருவிக்கு அருகிற் சாய்த்து வைத்தலும் கூடாது, ஒட்டுப்பசை இளகும். மெழுகு குறைந்து அடித்தளம் வெளிறித் தோன்றினால் மெழுகிடுக. பங்குனியிற் பருவம் முடிந்ததும் அடித்தளத்திலும் விளிம்பிலும் தடித்த மெழுகுப் பூச்சிட்டு, சுரண்டாமல் அப்படியே விட்டு, வெயில் படாத உலர்ந்த அறையில் நிறுத்தி வைக்க. அடுத்த மார்கழியில் மெழுகைச் சுரண்டி விளிம்பைத் தீட்டிக்கொள்ளலாம்.